நான் திரும்பக் கட்டிவைத்த முடிச்சு

தோணிரேவுக் கரையில் ஒரு பெண் அடைத்து வைத்திருந்த ஏழு நண்டுகளை நான் திறந்து ஏரியில் விட்டேன். அவற்றுக்குச் சொந்தக்காரர் உண்டு என்று தெரிந்தேதான் விட்டேன். கூட நின்ற பேரப்பிள்ளைகளிடம், "இது யாரோடதும் இல்ல, யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க" என்று சொன்னேன். அப்போது எனக்கு எழுபத்தொரு வயது. விளையாட்டுப் பிள்ளை செய்தது என்று யாரும் தள்ளிவிட முடியாத வயது.

அன்றைய நாளை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் செய்தேன். அது காரணமா, சாக்கா என்பது இதை எழுதும்போதும் எனக்குத் தெளிவாகவில்லை.

என் மகன் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில், சென்னைக்கு வருவார்கள். அந்த வருடம் பிள்ளைகளை எங்காவது அழைத்துப்போக வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நான் பழவேற்காடு என்றேன். பூநாரைகளைக் காட்டுகிறேன், படகில் கூட்டிப்போகிறேன் என்று பேத்தியிடமும் பேரனிடமும் சொல்லிவிட்டேன். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஐந்து.

மகன் போனைப் பார்த்துவிட்டு, "அப்பா, பூநாரை எல்லாம் ஜனவரியிலதான் வரும்னு போட்டிருக்கு. மே மாசம் இருக்காதாம்" என்றான்.

"நான் பொறந்த பக்கம்டா அது. போன் வந்து எனக்குச் சொல்லணுமா?" என்றேன்.

நான் பிறந்தது ஏரிக்கரையில் அல்ல. சுண்ணாம்புக்குளத்துக்கு மேற்கே, நெல் விளையும் ஊரில். ஏரியை நாங்கள் பார்த்தது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகும் நாட்களில் மட்டும்தான். பூநாரை எந்த மாதம் வரும், எந்த மாதம் போகும் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தெரியாதபோதுகூட, தெரியாது என்று சொன்னதில்லை. அடுத்த வகுப்பில் வரும் என்பேன். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தேன்.

அங்கே போய்ப் பார்த்தால் பூநாரை ஒன்றுகூட இல்லை. தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டி, "அதோ" என்றேன். பேத்தி நெற்றியில் கை வைத்து உற்றுப் பார்த்துவிட்டு, "அது பிளாஸ்டிக் கவர் தாத்தா" என்றாள். படகில் ஆள் ஏற்றக் கூடாது என்று கரையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறையைப் பார்க்கலாம் என்று போனால் கதவு பூட்டியிருந்தது. பேரன் காரில் ஒருமுறையும் இறங்கி ஒருமுறையும் வாந்தி எடுத்தான். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிட்டது. மருமகள் பிள்ளைகளின் செருப்பிலிருந்த சேற்றை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஏரியோரமாகவே போய்த் தோணிரேவு என்ற மீனவர் ஊரில் நிழல் பார்த்துக் காரை நிறுத்தினோம். மகனும் மருமகளும் ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே இருந்தார்கள். பிள்ளைகளோடு நான் தண்ணீரோரம் நடந்தேன். அப்போது பேத்தி சொன்னாள்:

"தாத்தா, இங்க எதுவுமே இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. மழை இல்லை, பேருந்து இல்லை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முழங்காலளவு தண்ணீரில் குச்சிகள் நட்டு, கயிறு கட்டி, பழைய தண்ணீர் கேன்களை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். குடிதண்ணீர் வாங்குகிறோமே, அந்தப் பெரிய கேன்கள். கழுத்தை வெட்டி அகலமாக்கி, பக்கங்களில் சூட்டுக்கோலால் ஓட்டை போட்டு, வாயில் வலைத்துண்டை வைத்துக் கட்டி, பாதி முழுகக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு வரிசை. ஒரு வரிசையின் குச்சியில் சிவப்புச் சேலைக் கிழிசல், மற்றதில் பச்சை. ஒவ்வொரு கேனுக்குள்ளும் ஒரு நண்டு.

அது என்னவென்று எனக்குத் தெரியும். ஓடு மாற்றிய நண்டுக்கு உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அதைத் தண்ணி நண்டு என்பார்கள். மூன்று நான்கு வாரம் தீனி போட்டு வைத்திருந்தால் சதை கட்டும். ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் தனித்தனியாக அடைப்பார்கள். குச்சியில் துணி கட்டியிருந்தால் அது இன்னாருடையது என்று அர்த்தம். இவ்வளவும் தெரியும்.

"ஏன் தாத்தா ஜெயில்ல போட்டிருக்காங்க?" என்றான் பேரன்.

காலையிலிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி அது. பேத்தியும் குனிந்து பார்த்தாள். இரண்டு முகங்களிலும் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் போய்விடக் கூடாது என்ற ஒன்றுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது. "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க. நாம காப்பாத்தலாமா?" என்றேன்.

சிவப்புத் துணி வரிசையைத் திறந்தேன். வலைக்காரர்களின் முடிச்சு, நனைந்து இறுகியிருந்தது. நகம் வலிக்க வலிக்க அவிழ்த்தேன். ஒவ்வொரு நண்டும் சேற்றைக் கிளப்பிக்கொண்டு ஓடும்போது பிள்ளைகள் கத்தினார்கள், குதித்தார்கள். பேத்தி ஒவ்வொன்றுக்கும் டாட்டா காட்டினாள். நான்காவது நண்டு என் கட்டைவிரலைக் கவ்வியது. ரத்தம் வந்தது. அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழாவது முடிந்து பச்சை வரிசைக்குத் திரும்பும்போது மகன் ஹாரன் அடித்தான்.

போவதற்கு முன் ஏழு கேன்களின் வாயிலும் வலையை வைத்துத் திரும்பக் கட்டினேன். நெல் மூட்டைக்குப் போடும் முடிச்சு. இரண்டு சுற்று சுற்றி, நுனியை அடியில் செருகி, காதுபோல ஒரு வளையத்தை வெளியே விடுவது. காதை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். எனக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான்.

வீடு திரும்பும் வழி முழுக்கக் காரில் நண்டுக் கதைதான். மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பரவால்லப்பா, கடைசியில நாளைக் காப்பாத்திட்டீங்க" என்றான். பேத்தி பெங்களூர் போய்ப் பள்ளிக்கூடத்தில் அதை எழுதி, படமும் வரைந்திருந்தாள். ஏழு நண்டு, ஒரு தாத்தா. அந்தப் படத்தை என் பீரோ கதவில் ஒட்டிவைத்தேன்.

அடுத்த மே மாதம் அவர்கள் வந்தபோது, எங்கே போகலாம் என்ற கேள்விக்கே இடமில்லை. "நண்டு ஊர்" என்று இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் மாமல்லபுரம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

தோணிரேவில் இறங்கியதும் பேத்தி நேராகத் தண்ணீருக்குத்தான் ஓடினாள். கேன்கள் அங்கேயே இருந்தன. ஆனால் இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் வேலிபோல முள்கட்டை வைத்து அடைத்திருந்தார்கள்.

"ஏ பாப்பா! அதுல கைய வெக்காத. வெரலு துண்டாயிடும்!"

இடுப்புவரை நனைந்த சேலையோடு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். வலையில்லாமல், சேற்றைக் காலாலும் கையாலும் தடவி நண்டும் இறாலும் பிடிப்பவர்களில் ஒருத்தி. வலக்கை ஆள்காட்டிவிரல் நுனி வளைந்து நின்றது. மருமகள் அவளிடம் இறால் இருக்கிறதா என்று கேட்டாள். பேச்சு வளர்ந்தது. எதற்கு முள்கட்டை என்று மருமகள்தான் கேட்டாள்.

"அத்த ஏம்மா கேக்கற. போன வருசம் இதே மாசம். பொண்ணக் கட்டிக் குட்த்த வூட்டுக்காரங்க மொதமொதலா விருந்துக்கு வராங்கன்னு ஏழு நண்டு வெச்சிருந்தேன். ஒவ்வொண்ணும் இந்தாம் பெருசு. ஏழும் பூட்ச்சு."

"தப்பிச்சுப் போயிருக்குமோ?" என்று மருமகள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"தப்பிச்சுப் போற நண்டு, போம்போது வாயத் திரும்பக் கட்டிட்டா போவும்?" என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கட்டிவெச்சிருந்தாம்மா. முடிச்சு தண்ணிக்குள்ளாற, அடியில. எனுக்குத் தெரியல. ரெண்டு நாளு வெறுங் கேனுக்கு வல ஓட்ட வழியா தீனி போட்டுக்கினு இருந்தேன். விருந்தன்னிக்குக் காலைல தொறந்து பாத்தா தீனிதான் நாறிக்கினு கீது. சம்பந்தி அம்மா கேட்டாங்க, ஏரில கீறவங்க வூட்ல ஒரு நண்டு இல்லியான்னு. எம்பொண்ணு அழுதுக்கினே போனா."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரியாம இன்னா? நெல்லு மூட்ட கட்ற முடிச்சு. இந்த ஊருல அந்த முடிச்சு போட்றவ ஒருத்திதான்." கரையில் தன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டை முகவாயால் காட்டினாள். "என் கொழுந்தன் பொண்டாட்டி. இஷ்டப்பட்டுக் கட்டிக்கினு நெல்லு வெளையற ஊர்லேர்ந்து வந்தவ. இன்னும் வலக்காரன் முடிச்சு அவ கைக்கு வரல. பச்சத் துணி அவளுது. அவளுது ஒண்ணுகூடப் போவல பாரு. ஒரு வருசமா மூஞ்சில முழிக்கறதில்ல."

பேத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஆன்ட்டி, அது..." என்று ஆரம்பித்தாள்.

நான் அவள் தோளில் கை வைத்து அழுத்தினேன்.

அவ்வளவுதான் செய்தேன். அவள் நிறுத்திக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. எதற்காக அழுத்தினேன் என்று கேட்கவில்லை. திரும்பும்போது காரில் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். தூங்கினாளா என்று தெரியாது. நண்டுகளை விட்டது பெரிய தப்பா, அந்தத் தோளை அழுத்தியது பெரிய தப்பா என்று பல நாள் எனக்குள் வழக்கு நடத்தியிருக்கிறேன். ஒருநாள் ஒன்று ஜெயிக்கும், மறுநாள் மற்றது.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு ஒரு காலை தனியாகக் கிளம்பினேன். பொன்னேரிச் சந்தையில் ஏழு நண்டு வாங்கினேன். ஏரியில் நண்டு பிடிப்பவளுக்குச் சந்தை நண்டா என்று பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. பை மடியில் அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண் வாசலில் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பையை வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திறந்தது நான், விட்டது நான், கட்டியது நான்.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் கண்ணை ஓட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சின்னவ அனுப்ச்சாளா?"

"இல்லம்மா. அவங்களை எனக்குத் தெரியவே தெரியாது."

"நல்ல மனசு நைனா உனுக்கு. அன்னிக்கு உன் மருமவகிட்ட நான் சொன்னத்தக் கேட்டுட்டு சமாதானம் பண்ண வந்துகீற. படிச்சவரு. நீ போயி சேத்துல எறங்கி நண்டத் தொறந்து வுட்டியா? யாருகிட்ட?"

கட்டைவிரல் தழும்பைக் காட்டினேன். கையை இழுத்து வைத்துப் பார்த்தாள்.

"தேங்கா பத்த போடும்போது கத்தி பட்டுச்சா?"

உண்மையைச் சொல்லும்போது நம்பமாட்டார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், ஊரைக் கூட்டுவாள் என்றெல்லாம் நினைத்துப் பயந்திருந்தேன். நல்ல மனசு என்று சொல்வாள் என்று நினைக்கவில்லை. ஒரு கணம், இப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றும் தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒரு கயிறு கொடும்மா" என்றேன்.

கொடுத்தாள். கீழே கிடந்த வெறும் கேன் ஒன்றை எடுத்து, வலைத்துண்டை வைத்து, இரண்டு சுற்று சுற்றி, நுனியைச் செருகி, காதை வெளியே விட்டேன்.

அவள் அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். காதை இழுத்தாள். அவிழ்ந்தது. பிறகு கேட்டாள்:

"எதுக்கு திரும்பக் கட்டுன?"

நான் அவிழ்ந்த கயிற்றைச் சுருட்டினேன்.

"தொறந்து வுட்ட, சரி, கொயந்த கேட்டுதுன்னு வுட்ட. அப்டியே வாயத் தொறந்து போட்டுப் போயிருந்தா, மறுநாளே பாத்திருப்பேன். விருந்துக்குள்ள இன்னும் ரெண்டாச்சும் புட்ச்சிருப்பேன். அவ மேல பழியும் வந்திருக்காது. எதுக்கு நைனா கட்டுன?"

திறந்ததை மூடிவைக்கும் பழக்கம் என்று சொல்லலாம். ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் பாட்டில்களை மூடியவன். தெரியாமல் இருக்கட்டும் என்று மறைத்தேன் என்றும் சொல்லலாம். இரண்டில் எது என்று அன்று யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன். கைதான் கட்டியது. கைக்கு என்ன தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் எழுந்து பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு கூப்பிடுகிறாள் என்பது அந்தக் குரல் இரண்டு முறை அடைத்ததில் தெரிந்தது.

"ஏய் சின்னவளே! இங்க வா."

"இன்னாத்துக்கு?" உள்ளேயிருந்து பதில் வந்தது.

"முடிச்சு போட்டவரு வந்துகீறாரு."

சின்னவள் வந்தாள். முப்பது வயதுக்காரி, கையெல்லாம் மாவு. நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன், மறுபடியும் கட்டிக் காட்டினேன். அவள் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மூத்தவளைத்தான் பார்த்தாள்.

"ஏங்க்கா, கோயில்ல சூடம் அணைச்சு சொன்னேன் நான். அது பொய்யி. எங்கியோ இருக்கற தாத்தா வந்து ஒரு கவுறு கட்டுனா அது நெசமா?"

"முடிச்சு உன்னுது மாரி இருந்துச்சுடி..."

"மூட்ட முடிச்சு போட்றவங்க ஒலகத்துல நான் ஒருத்திதானா? முடிச்சப் பாத்த. என்னப் பாத்தியா?"

சின்னவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தினாள். அதுவரை பேசாமல் இருந்தவள் மூத்தவள். இப்போது பேசாமல் போனவள் சின்னவள். என் உண்மை அந்தச் சண்டையைத் தீர்க்கவில்லை. ஒருத்தி கையிலிருந்து எடுத்து இன்னொருத்தி கையில் கொடுத்தது.

கிளம்பும்போது மூத்தவள் என் பையைத் திறந்து ஒரு நண்டை எடுத்து, அடிவயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாள். ஓடு உள்ளே போய் வந்தது. ஏழையும் அப்படியே பார்த்தாள்.

"எல்லாம் தண்ணி நண்டு. ஏமாத்திட்டான் உன்ன" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "சரி, வெச்சிட்டுப் போ. கேன்ல போட்டு வெக்கறேன்."

மன்னித்தாளா என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

மழைக்கு முன்பு இன்னொரு முறை போனேன். மூத்தவள் மீஞ்சூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். சின்னவள் தண்ணீரில் நின்று கேன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணி வரிசைக்கும் அவள்தான் போட்டாள். நடுவில் முள்கட்டை அப்படியே இருந்தது. சுற்றிக்கொண்டுதான் போய்வந்தாள்.

"பேசறீங்களாம்மா?" என்றேன்.

"நண்டு இன்னா பண்ணுச்சு, அது பட்டினி கெடக்க? அதுக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் இல்ல." வலையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். "நீ அடிக்கடி வராத தாத்தா. நீ வந்தா மொதலேர்ந்து எல்லாம் ஞாபகத்துக்கு வருது."

அதற்குப் பிறகு நான் போகவில்லை. போகாமல் இருப்பதுதான் பரிகாரமா, அது எனக்குச் சௌகரியமா என்பதும் தெரியவில்லை.

பேத்தியிடம் சொல்வதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சின்னவள் வரவேண்டாம் என்று சொன்ன அன்று மாலை வீடு திரும்பியதும் பீரோ கதவிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே போன் செய்தேன். சொந்தக்காரங்க உண்டு என்று எனக்கு அப்போதே தெரியும், உன்னிடம் பொய் சொன்னேன், பிறகு உன் தோளைப் பிடித்து உன்னையும் சொல்லவிடாமல் செய்தேன் என்றேன்.

போனில் பின்னால் பேரன் எதற்கோ கத்திக்கொண்டிருந்தான்.

"தோளைப் பிடிச்சப்பவே தெரியும் தாத்தா" என்றாள்.

"ஏம்மா கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "அப்போ அந்த நாள் நல்ல நாள் இல்லையா?" என்றாள்.

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல." பிறகு, பழைய குரலில் இல்லாவிட்டாலும், கேட்டாள்: "நாம விட்ட ஏழும் இப்ப உயிரோட இருக்குமா?"

இருக்கும், ஒவ்வொன்றும் தட்டு அகலத்துக்கு வளர்ந்திருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் அவள் சிரிப்பாள் என்றும் தெரியும்.

தெரியாது என்று சொன்னேன்.